சாம்பிள் அண்ணாச்சியின் நாற்பத்து மூன்று இஞ்சு

தூத்துக்குடியில் டிவி விற்கிற எவரும் நரகத்துக்குப் போகப் போவதில்லை. அங்கே கிடைக்கவேண்டியதை எல்லாம் சாம்பிள் அண்ணாச்சியிடம் இங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டிய பாவத்துக்கு நானும் கட்டிக்கொண்டேன்.

உப்பு ஏற்றுமதி செய்யும் எங்கள் ஆபீசில், ஒவ்வொரு உப்பளமாகப் போய்ப் பொட்டலத்தில் சாம்பிள் எடுத்துவருவது அவர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வரவர எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். என் தங்கை கல்யாணப் பந்தியில் இலை ஓரத்து உப்பைத் தொட்டு நக்கிவிட்டு, "ஈரம் கூடுதல், கப்பலுக்கு ஆகாது" என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டார். அந்த மனிதர் கரண்டியோடு என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் டிவி வாங்கவேண்டும் என்றார். மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். திரும்பிவர ஒன்பது மாதம் ஆகும். மேல்தட்டில் நின்று அவ்வப்போது வீடியோ எடுத்து அனுப்புவான்.

"போன்ல பிள்ளை மொகமே தெரிய மாட்டேங்குலே. பின்னால வெயிலு கூசுது. நாப்பத்து மூணு இஞ்சுல போட்டா தெரிஞ்சிரும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

"இருவதாயிரத்துக்குள்ள இருக்கணும். பிள்ளை மொகம் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. மறுநாளே என்னை உப்பளத்துக்கு இழுத்துப்போனார். உச்சி வெயிலில், மலையாகக் குவித்திருந்த உப்பு அம்பாரத்தை, பின்னால் வெளுத்த வானத்தோடு வீடியோ எடுக்கச் சொன்னார். கண் கூச, குத்துமதிப்பாக போனைப் பிடித்து எடுத்தேன். அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை கடை ஏறினோம்.

"கடைக்காரன் போட்டுக் காட்டுத கிளியும் பூவும் எந்த டிவியிலயும் நல்லாத்தாம்லே இருக்கும். வெள்ளைக்குள்ள வெள்ளையப் பிரிச்சிக் காட்டணும். உப்பு தனியா, வானம் தனியா. அப்பதான் பிள்ளை மொகம் தெரியும்."

முதல் கடையில் எட்டு டிவியிலும் உப்பு ஓடியது. எட்டையும் தள்ளினார். "எல்லாம் ஒரே வெள்ளையாக் கெடக்கு." உப்பு விஷயத்தில் அண்ணாச்சி சொன்னால் எங்கள் ஆபீசில் மறுபேச்சு கிடையாது. நானும் தலையை ஆட்டினேன். கடைக்காரர் ஹெச்டி என்றார், ஃபுல் ஹெச்டி என்றார், கடைசியில் ஃபோர்-கே என்றார். "எத்தன கே வேணாலும் இருக்கட்டும், உப்பு எங்கன இருக்கு?" என்றார் அண்ணாச்சி. இன்னொரு கடையில் திரையை விரலால் துடைத்து நாக்கில் வைத்தார். எதிர்க்கடையில் தள்ளுபடி போட்டிருப்பதாக அந்த முதலாளியே எங்களுக்கு வழி காட்டினார்.

நான்கு சனிக்கிழமைகள் போயின. "ஒங்களுக்கு டிவிக் கடையிலயே வேல போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். திரையைப் பார்ப்பதை நான் எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு சின்னக் கடை. அங்கே விற்பனை பார்த்த பெண் வீடியோவைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கம்மா உப்பளத்துலதான் வேல பாக்கா. நல்லாத்தான தெரியுது அண்ணாச்சி? அம்பாரத்து உச்சியில ஒரு காக்கா கூட உக்காந்திருக்கு."

அண்ணாச்சி திரைக்கு அருகில் போனார். இன்னும் அருகில் போனார்.

"காக்காயா? எங்கன?"

நான் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது.

"ஏலே, ஒனக்குத் தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி."

அவர் திரையின் உச்சியை விரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் கைவிட்டதை எல்லாம் இந்த மனிதர் இத்தனை நாள் நாக்கை வைத்துச் சமாளித்திருக்கிறார். ஆபீசில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம் என்றார். வெளியே வந்ததும் அண்ணாச்சி வண்டியை அந்தச் சின்னக் கடைக்கு விடச் சொன்னார்.

"இனி எதுக்கு அண்ணாச்சி டிவி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"நீ பாத்துச் சொல்லுலே."

இப்போது மகனிடமிருந்து வீடியோ வந்தால் எனக்குத்தான் முதலில் போன் வரும். அவர் வீட்டில் திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம்.

"மெலிஞ்சிருக்கானா?"

"தொப்பை போட்டிருக்கு அண்ணாச்சி."

"மொகம் எப்படி இருக்கு?"

"மீசை வச்சிருக்கான். சகிக்கல."

"என் மொகத்துக்கும் மீசை எடுக்காதுலே," என்று பெருமையாகச் சொல்வார்.

போன வாரம் வந்த வீடியோவில் பையன் பேசவே இல்லை. அப்பாவின் கண் விஷயத்தை யாரோ சொல்லியிருக்கவேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"சத்தத்தையே காணோம். என்னலே செய்யுதான், சிரிக்கானா?" என்று கேட்டார்.

"சிரிக்கான் அண்ணாச்சி," என்றேன். அவரும் சிரித்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.