மூன்றாம் வகுப்பு வெள்ளாடு

பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தே கெட்டுப் போகிறார்கள் என்பதை எழுபத்து நாலாம் ஆண்டு மேலிடம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு ஒரு சுற்றறிக்கையும் பிறந்தது. இனிமேல் பிள்ளைகள் படிக்கக் கூடாது, வாழ வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் ஓர் இடமாக மாறும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாத்திரமாக மாறும். ஆண்டு முடியும்வரை அந்தப் பாத்திரத்தை விட்டு எவரும் வெளியே வரலாகாது. பாத்திரத்துக்கு வேண்டிய அறிவு மட்டும் அளவாக ஊட்டப்படும்.

இந்தப் பெருநோக்கின்படி, கிண்ணியாப் பக்கத்துப் பாடசாலையொன்றின் மூன்றாம் வகுப்பு பாதையாக மாறியது. பஸ்ஸையும் லொறியையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒருவன் பாதைக்காரன், மூன்று பேர் பொலிஸ், மிச்சப் பேர் பிரயாணிகள். பாதையென்றால் அதில் ஓர் ஆடாவது நிற்க வேண்டாமா? வரவு இடாப்பில் சிவப்பு மையால் பதிந்தார்கள்: அசனா, வெள்ளாடு, பெண்.

அசனாவின் உம்மா றஹ்மாவுக்கு இது மூன்று கிழமை கழித்துத்தான் தெரிய வந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டு சும்மா கேட்டாள்.

"மகள், ஏழெட்டு எத்தன?"

"மே."

"என்ன புள்ள, பகிடியா?"

"இல்ல உம்மா. ஆட்டுக்குக் கணக்கு இல்லயாம். எழுத்தும் இல்லயாம். கத்தவும் இல தின்னவும் மட்டுந்தான் மாஸ்டர் சொல்லித் தாறார். பூவரசம் இல நல்லாத்தான் இரிக்கி."

றஹ்மா மீனைச் சட்டியோடு விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு நடந்தாள். பிள்ளை ஆடாக இருப்பதில் அவளுக்குப் பெரிய மனக்குறை கிடையாது. வீட்டில் அதைவிட மோசமாகவும் துள்ளுவாள். ஆனால் ஆண்டு முடிவில் வகுப்பேற்றச் சோதனை இருந்தது. சோதனை நடத்துவது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு ஆடு மாடு ஒன்றும் தெரியாது. தவறினால் அசனா இன்னுமொரு வருசம் அதே வகுப்பில் கிடக்க வேண்டும்.

வகுப்பு வாசலில் தலைமையாசிரியர் ஸெய்னுதீன் மாஸ்டர் கையை நீட்டி மறித்தார்.

"நில்லுங்க தங்கச்சி. பாதை அக்கரைல நிக்கிது."

"மாஸ்டர், உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு வாங்குதானே கிடக்கு?"

"நடிப்பக் குழப்பினா எனக்கு மாற்றம் வந்திரும். மன்னாருக்கு."

முக்கால் மணித்தியாலம் றஹ்மா இக்கரையில் நின்றாள். உண்மையான பாதைகூட அன்றைக்கு அதைவிடக் கெதியாக வந்திருக்கும். கடைசியில் மாஸ்டர் இக்கரைக்கு வந்து, பொலிஸ்காரப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"நியாயந்தான். ஆனா ஆட்ட மனிசராக்க எனக்கு அதிகாரம் இல்ல. திருகோணமலைக் கல்விக் கந்தோருக்குப் போங்க."

மறுநாள் காலையில் றஹ்மா நிசமான பாதையில் ஏறி, பஸ் பிடித்து, கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கிளாக்கர் குலசிங்கம் பேனைக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன விசயமா வந்தனீங்கள்?"

"என்ட மகள் ஆடு. அவளை மனிசராக்கோணும்."

குலசிங்கம் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. அலுமாரியைத் திறந்து கட்டுக் கட்டாகப் பார்த்தார். "மனிசரை ஆடாக்கிறதுக்குப் படிவம் இருக்கு. ஆட்டை மனிசராக்கிற படிவம் இன்னும் அச்சடிச்சு வரேல்ல. ஐயாவைப் பாருங்கோ."

ஐயா என்பவர் திருவாளர் பாக்கியரத்தினம். சுற்றறிக்கையைப் பெற்ற தகப்பன் அவர்தான். கதிரையில் சாய்ந்து, கண்ணாடியைத் துடைத்து, றஹ்மாவின் முறைப்பாட்டை முழுவதும் கேட்டார்.

"அம்மா, இது நல்லதொரு பாத்திரம். பிள்ளைக்குப் பொறுமை வரும்."

"பொறுமை வந்திட்டு சேர். வாய்ப்பாடுதான் வரல்ல."

"பதிவிலிருந்து ஓர் ஆட்டை நீக்குவதாயின், அது இறந்துவிட்டது அல்லது விற்கப்பட்டது என்று மிருக வைத்தியர் கடிதம் தரவேண்டும்."

"அவர் ஆட்டக் கொண்டா, பாக்கோணும் எண்டு சொன்னா?"

"கொண்டு போங்கள்."

"அவள் வாய் ஓயாமக் கதைப்பாளே சேர்."

"கதைக்கக் கூடாது. அது சுற்றறிக்கையை மீறுவதாகும்."

றஹ்மா ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். ஆனால் ஒரு வழி அடைத்துக் கிடந்தால் வேலியில் நுழைய ஒரு பொட்டுத் தேடுகிற மூளை அவளுக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டாள்.

"சேர், இந்த ஆட்ட மேய விடலாம் எண்டு அதுல இரிக்கா?"

பாக்கியரத்தினம் தாளைப் புரட்டினார். "ஒவ்வொரு பாத்திரமும் தன் இயல்பின்படி வாழ இடமளிக்கப்படும். எட்டாம் பந்தி. ஓம், மேயலாம்."

"ஆட்டுச் சொந்தக்காரிட வீட்டு வளவுலயும் மேயலாமா?"

"தடை எதுவும் காணப்படவில்லை."

அவர் கையெழுத்து வைத்தார், குலசிங்கம் முத்திரை குத்தினார். மூன்றாம் வகுப்பு வெள்ளாட்டுக்கு நாள்தோறும் காலை ஒன்பதிலிருந்து மேய்ச்சல் அனுமதி கிடைத்தது.

அன்றிலிருந்து ஆடு ஒன்பது மணிக்கு வீட்டில். குசினிச் சுவரில் கரிக்கட்டையால் எழுத்து. கருவாட்டைக் கோத்து வைத்து வாய்ப்பாடு. ஓர் ஈர்க்கில் ஏழு கருவாடு, எட்டு ஈர்க்கில் எத்தனை? பிழையாகச் சொன்னால் அன்றைக்குப் பொரித்த கருவாடு கிடையாது. அசனா பிழை விடுவதை விரைவில் நிறுத்திக்கொண்டாள்.

மார்கழியில் சோதனை வந்தது. பிரயாணிகள் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வருசம் முழுக்கப் பழகியபடி, பேசாமல் காத்திருந்தார்கள். பொலிஸ் மூன்று பேரும், யார் யார் அசைந்தார்கள் என்று விடைத்தாளில் பெயர் எழுதினார்கள். பாதைக்காரன் கயிற்றை இழுக்கும் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். சித்தியடைந்தது ஓர் உயிர்தான். எண்பத்தொன்பது புள்ளி எடுத்த வெள்ளாடு.

பாராட்டு விழாவுக்குப் பாக்கியரத்தினமே நேரில் வந்தார். பூவரசம் இலையில் மாலை கட்டி அசனாவுக்குப் போட்டார்கள். அவள் பழக்க தோசத்தில் இரண்டு இலையைக் கடித்துவிட்டாள். கைதட்டல் அடங்க, றஹ்மா எழும்பினாள்.

"சேர், இது நான் ஊட்டுல வச்சுச் சொல்லிக் குடுத்தது. மத்தப் புள்ளைகளுக்கும் வகுப்புல சொல்லிக் குடுத்தா அதுகளும் பாஸ்தான்."

பாக்கியரத்தினம் புன்சிரிப்போடு தலையாட்டினார்.

"அம்மா, நடிப்புக்கு வெளியே நடந்ததைக் கல்வி என்று பதிய விதியில்லை. எமது ஆய்வின் முடிவு மிகத் தெளிவானது. பிரயாணிகள் தவறினர். பொலிஸார் தவறினர். ஆடு சித்தியடைந்தது. ஆகவே அடுத்த ஆண்டு ஒவ்வொரு வகுப்பிலும் பத்து ஆடுகள் இருத்தல் வேண்டும்!"

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. ஆனால் தை மாதம் பிறந்ததும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆடு என்றால் பாஸ் என்று ஆகிவிட்டதே! விடியக் காலையிலேயே பாடசாலை வாசலில் சனம். ஒருவர் கோழியோடு வந்தார், ஒருவர் தயிர்ச்சட்டியோடு வந்தார். எம்.பி.யின் கையெழுத்தோடு துண்டு கொண்டு வந்தவர்கள் நேரே உள்ளே போனார்கள். "இத்துண்டைக் கொண்டுவருபவரின் மகன் ஆடாவதற்கு எல்லா வகையிலும் தகுதியானவர்" என்று அதில் எழுதியிருந்தது.

வரிசையில் இருபத்து நாலாவது ஆளாக றஹ்மாவும் நின்றாள். இளையவன் பாயிஸை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவனையும் வீட்டில் வைத்துப் படிப்பித்தெடுக்க மேய்ச்சல் அனுமதியைவிட அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பக்கத்து வளவு உம்மு குல்சும் அவளைக் கண்டு வாயைப் பொத்தினாள். "என்னகா, போன வருசம் ஆட்ட மனிசராக்கித் தாங்க எண்டு திரிஞ்ச நீயா?"

"நீ எதுக்குகா நிக்கிறாய்?"

உம்மு குல்சும் கையிலிருந்த தயிர்ச்சட்டியை முக்காட்டால் மூடினாள்.

றஹ்மாவின் முறை வந்தபோது ஸெய்னுதீன் மாஸ்டர் இடாப்பைப் புரட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஆட்டு இடம் பத்தும் முடிஞ்சு போச்சு தங்கச்சி. மனிசரா எண்டா இப்பவே பதியலாம். அதுல எத்தன இடமும் இரிக்கி."

றஹ்மா மகனைப் பார்த்தாள். பின்னால் நிற்பவர்களைப் பார்த்தாள். மேசையில் குனிந்து, ஒருவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"செம்மறி எண்டாலும் பரவாயில்ல மாஸ்டர், ஒண்டு பாத்துத் தாங்க."