கிப்பாஸ் அக்கா களப்புக்குப் போன கதை

நாற்காலி என்ற பொருளை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமலே அறுபது வயதை நெருங்கிய ஒரே மனுஷி, பினாங்கின் ஜார்ஜ்டவுன் முழுக்கத் தேடினாலும், எங்கள் கிப்பாஸ் அக்காதான். சரக்குக் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்யும் எங்கள் அலுவலகத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அக்கா நின்றுகொண்டு டைப் அடிப்பார், நடந்துகொண்டு போன் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய், அவரவர் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று விசாரித்தபடியே சாப்பிட்டு முடிப்பார்.

கிப்பாஸ் என்றால் மலாயில் மின்விசிறி. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா அம்மா வைத்த பெயரைக் கூப்பிட்டால் அக்காவே திரும்பிப் பார்க்க மாட்டார். மின்விசிறிக்காவது ஒரு சுவிட்ச் இருக்கும் என்று மேனேஜர் ஒருநாள் முனகினார். அது அக்கா காதில் விழுந்துவிட்டது. "இருந்தா நீங்க அமுக்கிடுவீங்கல்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில். தினமும் ஃபெரி ஏறித்தான் வேலைக்கு வர வேண்டும். உட்கார இடம் கிடந்தாலும் உட்கார மாட்டார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் என்று நடந்துகொண்டே இருப்பார். மற்றவர்கள் ஃபெரியில் வந்தார்கள், அக்கா பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு நடந்தே வந்தார் என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

இப்படிப்பட்டவர் கையில் அந்த வீடியோ கிடைத்தது எங்கள் கெட்ட நேரம்.

போன வருஷம் ஒரு மத்தியானம் தன்னுடைய போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு பெண் தண்ணீரில் பலகைமேல் நிற்கிறாள். வானத்தில் ஒரு பெரிய காற்றாடி. அதன் கயிறுகள் அவள் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கின்றன. காற்றாடி இழுக்க இழுக்க அவள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறாள். கைட்போர்டிங் என்று விளக்கினார் அக்கா. பிறகு, யாரோ வேண்டுமென்றே தன்னிடமிருந்து மறைத்துவிட்ட மாதிரி, "இத்தனை வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் இடம் முடிவாகிவிட்டது. இலங்கையில் கற்பிட்டி. கடலை மணல்திட்டு மறித்து நிற்க, உள்ளே அடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பு. அந்த ஊர்த் தமிழில் அதற்குக் களப்பு என்று பெயர். அலை கிடையாது, காற்று மட்டும் உண்டு. போதாததற்கு நம் பாஷையே பேசுகிறார்களாம். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "நீயும் வர்ற தங்கச்சி" என்றார். அது அழைப்பு இல்லை, தகவல். எனக்கு நீச்சல் தெரியும், அதுதான் என் தகுதி. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

அவருடைய மகன் சுரேன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். விஷயம் தெரிந்ததும் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

"அம்மா, அது கடல்."

"கடல் இல்லடா, களப்பு. பாத்டப் மாதிரி. கொஞ்சம் பெரிய பாத்டப்."

"ஆண்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க லா" என்று என் பக்கம் திரும்பினான். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா போட்டோகாப்பி மெஷினிடம் போய்ச் சேர்ந்திருந்தார். அவன் அவருடைய நாற்காலியில், கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டான். தடுத்தால் தனியாகப் போய்விடுவார் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில், கூட்டிக்கொண்டு போகிற மாதிரியே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். சரி என்றேன். புயலுக்கு ஜாமீன் நின்ற மாதிரி இருந்தது.

பயிற்சி தொடங்கியது. இணையத்தில் வாங்கிய சின்னக் காற்றாடி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து எஸ்பிளனேட் திடலுக்குப் போனோம். கடல் காற்று நன்றாக அடித்தது. காற்றாடி எழும்பியதுதான் தெரியும், அடுத்து நான் பார்த்தபோது அக்கா புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடினாரா, அது இழுத்ததா என்று சொல்வது கஷ்டம், ஏனென்றால் அவர் எப்போதுமே அந்த வேகத்தில்தான் போவார். எதிரே ஒரு சீனத் தம்பதி கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றாடி மணப்பெண்ணின் முக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனது. பின்னாலேயே வந்த அக்கா மாப்பிள்ளைமேல் மோதித்தான் நின்றார். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மணப்பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படக்காரருக்கு இன்னும் சந்தோஷம், வெளிச்சம் போவதற்குள் இன்னொரு தடவை அதேபோல் ஓடி வர முடியுமா என்று கேட்டார். அக்கா ஓடினார். வேறு ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அவர் பாதி பறந்த நிலையில் இருக்கிறார்.

நீச்சல்குளத்தில்தான் சிக்கல் வந்தது. சொல்லிக்கொடுத்த சீனப் பெண் நல்ல பொறுமைசாலி. முதல் பாடம் மிதப்பது, மல்லாந்து படுத்து ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்றார். உலகத்தில் வேறு எந்தப் பாடமாக இருந்தாலும் அக்கா ஒரே நாளில் படித்திருப்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும் அவருக்கு வரவில்லை. படுப்பார், உடனே கால் ஆடும், கை தேடும், தலை நிமிர்ந்து பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும். பார்த்த வேகத்தில் மூழ்குவார். ரிலாக்ஸ் லா ஆண்ட்டி, ரிலாக்ஸ் என்று அந்தப் பெண் கெஞ்சினார். தண்ணீரைத் துப்பிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார் அக்கா: "ரிலாக்ஸ்தானே பண்றேன். இன்னும் எவ்வளவு வேகமா பண்ணணுமாம்?"

மாதக்கணக்கில் போனோம். கடைசி வரை மிதக்கவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, மிதக்கவைக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களாம், போதும் என்று சொல்லிவிட்டார்.

அவசரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது கற்பிட்டியில் காற்றுக் காலம் முடிந்துகொண்டிருந்தது. களப்பு கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு ஓலைகூட ஆடவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருந்தவர் ரிஸ்வான் நானா. அண்ணனை நானா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். காற்று வரும், கொஞ்சம் இருங்கள் என்றார். அந்த 'இருங்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்குத்தான் புரிந்தது.

காத்திருந்த நாட்களில் தங்கும் விடுதியின் வேலியைக் கட்டினார். சமையலறையில் புகுந்து வெங்காயம் உரித்தார், இறால் சுத்தம் செய்தார், மீன்குழம்பில் புளி போதாது என்று தகராறு செய்து, பிறகு சமையல்கார அம்மாவோடு சினேகிதமானார். ரிஸ்வான் நானாவின் படகுக்குப் பெயின்ட் அடித்தார். களப்பின் ஓரமாக அவர் நடந்த நடையில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. உட்காருங்கள் அக்கா, இதுதானே லீவு என்று ஒரு சாயங்காலம் நான் சொல்லிவிட்டேன். என்னவோ, அன்றைக்கு நின்றார்.

"அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர். பார்க்கிறவங்க எல்லாம் என்ன சொல்றாங்க தெரியுமா? இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா, இனிமே உட்கார்ந்து சாப்பிடுங்கக்கான்னு. நல்ல மனசோடதான் சொல்றாங்க. கேட்டா எனக்கு எங்கயாவது ஓடிடணும்போல இருக்கு தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். உடனே பாதையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்ப நேரம் நெருங்கிய ஒரு காலையில் காற்று வந்தது. ஓலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபடுவதுதான் முதல் பாடம். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்கு அது போதவில்லை. இத்தனை நாள் காக்கவைத்துவிட்டுக் கஞ்சத்தனம் செய்கிறீர்கள் என்று நானாவை நச்சரித்துப் பலகையையும் வாங்கிவிட்டார். விழுந்தார், எழுந்தார், விழுந்தார். வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை காற்றாடி சரியாக இழுத்தது. அக்கா பலகைமேல் எழுந்து நின்றார். நாலு மூச்சு விடும் நேரம் இருக்கும், எங்கள் கிப்பாஸ் அக்கா தண்ணீர்மேல் போனார். அந்த முகத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பிறகு பலகை காலிலிருந்து நழுவியது. பிடித்திருக்கிற கம்பியை விட்டால் காற்றாடி அடங்கிவிடும் என்று நூறு தடவை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரையிலிருந்து நானும் நானாவும் விடுங்கள், விடுங்கள் என்று கத்தினோம். பிடித்ததை விட்டுப் பழக்கம் இருந்தால்தானே. காற்றாடி அவரைத் தண்ணீரில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் களப்போரச் சதுப்பில் நின்ற கண்டல் மரங்களுக்குப் பின்னால் மறைத்துவிட்டது.

நானா படகைக் கிளப்பினார். நான் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் சுரேன் அந்த நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்ததுதான் கண்முன் நின்றது.

மரங்களைச் சுற்றித் திரும்பினோம். காற்றாடி தண்ணீரில் விழுந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி அக்கா. மல்லாந்து, கைகளை விரித்து, கண் மூடி, அசையாமல்.

இத்தனை வருஷமும் எங்கள் அலுவலகமே அவர் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் தேவலை என்று ஏங்கியிருக்கிறது. நானும்தான். அதைக் கண்ணால் பார்த்தபோது அது வேண்டாம் என்றிருந்தது. அக்கா என்று கூப்பிட்டேன், அவர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டபோது களப்பு முழுக்கக் கேட்டிருக்கும். படகு நிற்பதற்குள் குதித்துவிட்டேன். தண்ணீர் என் நெஞ்சளவுதான் இருந்தது.

"கத்தாத தங்கச்சி" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். "இப்பத்தான் வந்திருக்கு. கெடுத்துடாத."

அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, வயதில் மூத்தவரை, ஒருமையில், வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். நடுவில் அழுதேன். நானா மரியாதையாக மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் மிதந்தபடியே கேட்டார். நான் ஓய்ந்த பிறகு, "காதுக்குள்ள தண்ணி போனதும் சத்தமே இல்ல தெரியுமா. நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போதும்" என்று எழுந்து, காற்றாடி கிழிந்துவிட்டதா என்று விசாரித்தார்.

பாதி வேலையை அந்த லைஃப் ஜாக்கெட்தான் செய்தது என்று நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பினாங்கு விமான நிலையத்துக்குச் சுரேன் வந்திருந்தான். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். தோல் உரிந்த முழங்கையை அக்கா துப்பட்டாவால் மூடிக்கொண்டார். எப்படி இருந்தது என்று அவன் என்னைக் கேட்டான். பாத்டப் மாதிரிதான் இருந்தது என்றேன்.

இந்த வருஷம் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பத்து காவானில் மகன் வீட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்துக்காரர்கள் பாவம். எங்கள் அலுவலகம் அமைதியாகிவிட்டது. டெலிபோன் அடித்தால் கேட்கிறது, மழை பெய்தால் கேட்கிறது, மேனேஜர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கிறது. முன்பைவிட இப்போது அவர் நிறைய விடுகிறார்.

போன வாரம் தேநீர் நேரத்தில் அக்கா போன் செய்தார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "தங்கச்சி, லீவு மிச்சம் இருக்கா?" என்றார். பார்க்கணும் அக்கா, வேலை ரொம்ப ஜாஸ்தி, எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லீவு கேட்க மேனேஜரின் கதவைத் தட்டிவிட்டேன்.