சிட்டம்மாள் கல்யாணத்து வாசல் வெடி

வரைபடம் வரைகிறவர்கள் மை தீர்ந்து நிறுத்திய இடத்திலிருந்து மூன்று நாள் நடந்தால் இருகரை நாடு வரும். நடுவில் ஓர் ஆறு. கிழக்குக் கரை வெள்ளை மணல், மேற்குக் கரை செம்மண். அந்தச் செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. குழந்தை எழுந்து நடந்த முதல் மாதமே குதிகாலில் ஏறிவிடும். பிறகு எந்தத் தண்ணீருக்கும் போகாது. ஆகவே அந்த நாட்டில் ஒருவன் எந்தக் கரைக்காரன் என்று அறிய அவனிடம் பேச வேண்டியதில்லை. அவன் நமக்கு முன்னால் நடந்து போனால் போதும்.

இரு கரையிலும் காட்டுப்பன்றித் தொல்லை. அதனால் இரு கரையிலும் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி. இரு கரைக்கும் பொதுவான வழக்கம் ஒன்றும் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், பெண்வீட்டார் தங்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்கும் வரை மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைக்க மாட்டார். இந்தப் பெண்ணுக்காகக் கேட்க ஆள் உண்டு என்பது அந்த வெடியின் பொருள். அந்த வீட்டில் பிறந்தவர் கையால்தான் அதைப் போட வேண்டும். இதை அற்பச் சம்பிரதாயம் என்று சிரிப்பவர்கள் ஒரு பெண்ணையும் இன்னொரு வீட்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செம்மண் கரைக்காரர்களான செங்கரையாருக்கு ஆயுத உரிமை இல்லாததால் அவர்கள் வெகுகாலம் துப்பாக்கியை வைக்கோற்போரில் ஒளித்து வைத்திருந்தார்கள். மன்னர் சமநோக்கர் பட்டமேறியதும் முதல் வேலையாக ஒரு சட்டம் செய்தார். எக்கரையில் பிறந்தவராயினும் குடிமக்கள் யாவரும் ஆயுதம் வைத்திருக்கச் சம உரிமை உடையவர் என்று அதைக் கல்லில் வெட்டி ஆற்றின் நடுப்பாறையில் நட்டார்கள். செங்கரையார் துப்பாக்கியைத் துடைத்துச் சுவரில் மாட்டினார்கள். அன்று சில வீடுகளில் பாயசம் வைத்தார்கள்.

சட்டத்தின் கடைசி வரி சிறிய எழுத்தில் இருந்தது. அச்சம் தரும் விதமாக ஆயுதம் கொண்டு செல்வோரைக் காவலர் தடுக்கலாம் என்றது அது.

"யார் அச்சம் தருபவர் என்று எப்படி அறிவது, பிரபு?" என்று காவலர்கள் தளபதி கம்பீரநாதரைக் கேட்டார்கள்.

"உமது நெஞ்சு படபடத்தால் அவர் அச்சம் தருபவர். படபடக்காவிட்டால் அவர் குடிமகன். அரசு உமது நெஞ்சை நம்புகிறது" என்றார் தளபதி.

காவலர்களின் நெஞ்சுகள் குதிகாலைப் பார்த்தே படபடத்தன. அதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. அவை அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தன.

செங்கரையில் பூவலிங்கம் என்றொருவர் இருந்தார். குனிந்து பழக்கமில்லாதவர். அவருடைய தம்பி சிலம்பன் ஒரு காலையில் பன்றிக் காவலுக்குத் துப்பாக்கியோடு புறப்பட்டான். சாவடியில் காவலர் நிறுத்தி, உரிமச் சீட்டைக் காட்டு என்றார். சீட்டு மடியில் இருந்தது. சிலம்பன் சிரித்துக்கொண்டே, "இதோ எடுக்குறேங்க" என்று மடிக்குக் கையைக் கொண்டுபோனான். காவலரின் நெஞ்சு படபடத்தது.

சாவு பற்றிய விசாரணை முறைப்படி நடந்தது. சிலம்பனின் உரிமம் எந்தக் குறையுமின்றிச் செல்லுபடியானது என்று தீர்ப்பு அவனைப் பாராட்டியது. காவலரின் நெஞ்சும் உண்மையாகவே படபடத்தது என்று அதே தீர்ப்பு அவரையும் பாராட்டியது. மன்னர் ஒரு வேளை உணவைத் தவிர்த்தார். துப்பாக்கியைப் பட்டுத்துணியில் சுற்றி மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலம்பனுக்குப் பெண்டு பிள்ளை இல்லை. துப்பாக்கி பூவலிங்கத்தின் வீட்டுச் சுவருக்கு வந்தது. அவர் மகள் சிட்டம்மாள்தான் சித்தப்பாவின் செல்லம். எட்டு வயதிலேயே அவளுக்கு வெடிமருந்து கெட்டிக்கவும் தோளில் அண்டக் கொடுத்துப் பிடிக்கவும் சிலம்பன் கற்றுக் கொடுத்திருந்தான். அந்தத் துணியைப் பிரித்தவளும் அவள்தான்.

இப்படி ஒன்று இனி நிகழக்கூடாது என்று அரசு உறுதி பூண்டது. காவலர் நிறுத்தினால் இரு கைகளையும் தலைமேல் வைக்க வேண்டும். கை இறங்கினால் அதை அச்சமாகக் கொள்ளலாம் என்று ஆணை வந்தது. உரிமத்தைக் காட்ட வேண்டும் என்ற பழைய ஆணையும் நீடித்தது. பூவலிங்கம் சபைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கையத் தலையில வெச்சிக்கிட்டு மடியில இருக்கிற சீட்ட எப்படிங்க காட்டுறது?"

"மிக ஆழமான கேள்வி" என்றார் ஆயுத அமைச்சர். குழு அமைக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டு கழித்துக் குழு வழி சொன்னது: உரிமத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கழுத்தில் தொங்கவிடலாம். செங்கரையார் தொங்கவிட்டார்கள். வெண்கரையாரை யாரும் நிறுத்தாததால் அவர்களுக்குத் தகடு தேவைப்படவில்லை. சில நாளில் காவலர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தகடு போட்டவர் எல்லோரிடமும் துப்பாக்கி இருக்கிறது. அதன் பிறகு, துப்பாக்கி கையில் இல்லாத நேரத்திலும் தகட்டைப் பார்த்தே நிறுத்தினார்கள். தகடில்லாத செங்கரையாரை உரிமம் இல்லை என்று நிறுத்தினார்கள்.

இதற்கிடையே ஒரு தவறும் நடந்தது. அந்நாட்டு மணப்பெண்கள் எக்கரையினரானாலும் உள்ளங்காலிலிருந்து கணுக்கால் வரை மருதாணி இடுவார்கள். வெண்கரையில் நடந்த ஒரு கல்யாணத்தில், புதிதாகச் சேர்ந்த காவலர் ஒருவர் மணப்பெண்ணின் சிவந்த குதிகாலைப் பார்த்து நெஞ்சு படபடத்து, அவளைப் பந்தலிலேயே கையைத் தலையில் வைக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தளபதியின் மகள். மறுநாள் காலை காவலர் கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது: மணப்பெண்ணின் குதிகால் பார்க்கப்படலாகாது. அதற்குக் குழு ஏதும் அமைக்க வேண்டியிருக்கவில்லை.

சிட்டம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பூவலிங்கம் ஆற்றைக் கடந்து தளபதியைப் பார்க்கப் போனார். மூன்று சாவடியிலும் நின்று போய்ச் சேர மதியம் ஆயிற்று.

"மகளுக்குக் கல்யாணங்க. வாசல் வெடி போடணும். துப்பாக்கியத் தொட்டாலே காவல்காரங்க நிறுத்திடுறாங்க. அந்த ஒரு நிமிசம் கைய இறக்கிக்க உத்தரவு வேணும்."

"வெடி போட உமக்கு உரிமை இருக்கிறதே. கல்லில் வெட்டியிருக்கிறோம்" என்றார் தளபதி.

"உரிமை இருக்குதுங்க. கைதான் தலையில இருக்குது."

"உரிமையில் அரசு கை வைக்காது. கை விஷயத்தில் விலக்கும் தர இயலாது. ஒருவருக்குத் தந்தால் சமத்துவம் என்னாவது?"

"கைய இறக்காம எப்படிங்க சுடுறது?"

"அது சுடுகிறவரின் திறமையைப் பொறுத்தது" என்றார் தளபதி. பிறகு தணிந்த குரலில், "உமது வீட்டில் துப்பாக்கி இருப்பது எமக்குத் தெரியும். பாதுகாப்புக்காக அன்று பன்னிரண்டு காவலரை அனுப்புகிறோம். சாப்பாட்டுக்கு அவர்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளும்" என்றார்.

திரும்பும் வழியில் வெண்கரை உப்பு வியாபாரி பொன்னரங்கம் அவரை நிறுத்தினார். இருவரும் முப்பது வருடப் பழக்கம். போன மாதம்தான் பொன்னரங்கத்தின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அவர் ஐந்து வெடி போட்டார். நடுவில் வெற்றிலை மடிக்க வேண்டி வந்தபோது ஒரு காவலர் துப்பாக்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டு உதவினார்.

"அண்ணே, நான் வந்து போட்டுடறேன். ஒரு நொடி வேலை" என்றார் பொன்னரங்கம்.

"நீ நல்லவன்தான் அரங்கா. ஆனா என் மகளுக்குக் கேட்க அடுத்த கரையிலேர்ந்து ஆள் கூட்டிக்கிட்டு வந்தாங்கன்னு நாளைக்கு அவ மாமியார் வீட்டுல பேச்சு வரும்."

"சரி, போடலைன்னாத்தான் என்ன? காலம் மாறிடுச்சு."

"உன் வீட்டுல அஞ்சு போட்டப்ப மாறலையா?"

பொன்னரங்கம் சாவடி வரை கூடவே நடந்து வந்தார். பூவலிங்கம் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டபோது, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தார்.

அன்றிரவு பூவலிங்கத்தின் மனைவி மரகதம் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள். "வெடி வேண்டாம்ங்க. உங்க தம்பிய அனுப்பிட்டு நான் ஒரு தடவ பட்டது போதும்."

"மாப்பிள்ளை தெருமுனையிலேயே நின்னா?"

"நிக்கட்டும். நீங்க இருக்கணும்."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போகிற வழியில் நின்று, "அவ மட்டும் தலை குனிஞ்சு போகக் கூடாது, மரகதம்" என்றார். அவள் அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். இதை உள்ளறையில் மருதாணி காய வைத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று காலை பன்னிரண்டு காவலரும் பந்தலைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் வந்து நின்றார்கள். மேளம் நின்றது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

பூவலிங்கம் வெளியே வந்தார். புது வேட்டி, கழுத்தில் பித்தளைத் தகடு, தலைமேல் இரு கைகள். கெட்டித்த துப்பாக்கி பந்தற்காலில் சாய்ந்து நின்றது. அவருக்கும் அதற்கும் நான்கடி தூரம்.

அவருக்கு நேர் எதிரே நின்ற காவலர் வெற்றிவேளான் இருபத்திரண்டு வயதுக்காரர்.

"ஐயா, கை இறங்கக் கூடாதுங்க" என்றார். ஆணையிடும் குரலாக அது இல்லை.

"தெரியும் தம்பி."

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. தெருமுனையில் யாரோ இருமினார்கள். பூவலிங்கத்தின் வலது கை விரல்கள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்லப் பிரிந்தன. வாசற்படியில் நின்ற மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கொலுசுச் சத்தம் கேட்டது. சிட்டம்மாள் மாலையும் கழுத்துமாகப் படியிறங்கி வந்தாள். பந்தற்காலிலிருந்து சித்தப்பாவின் துப்பாக்கியை எடுத்தாள். பன்னிரண்டு நெஞ்சுகளும் ஒரே நேரத்தில் படபடத்தன. பன்னிரண்டு ஜோடிக் கண்களும் வழக்கப்படி கீழே இறங்கின. அங்கே மருதாணிச் சிவப்பு. பார்க்கப்படலாகாது என்ற வரி நினைவுக்கு வந்து, பன்னிரண்டு ஜோடிக் கண்களும் பதறி மேலே ஏறின. செங்கரையில் பிறந்த ஒருத்தி எந்தக் கரையும் இல்லாதவளாக அந்த நாட்டில் துப்பாக்கியோடு நின்றது அதுவே முதல் தடவை.

"இந்த வீட்டுல பொறந்த கைதானே போடணும்? நானும் இங்கதானேப்பா பொறந்தேன்" என்றாள் அவள்.

வெடித்தது. புறாக்கள் எழும்பின. கெட்டித்த மருந்து சற்று அதிகம். துப்பாக்கி உதைத்த உதையில் சிட்டம்மாள் பின்னால் சரிந்தாள். பூவலிங்கம் ஆணையையும் தளபதியையும் தம்பியையும் மறந்து, இரண்டு கைகளையும் இறக்கி அவளைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த பிறகுதான் தம் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். எடுக்கவில்லை. எதிரே வெற்றிவேளானின் துப்பாக்கி முனை அவர் மார்புக்கு நேராக இருந்தது.

வெகு நேரம் போலத் தோன்றிய ஒரு கணத்துக்குப் பின் அந்த முனை தரையைப் பார்த்தது. தெருமுனையில் மேளம் தொடங்கியது. மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைத்தார்.

வெற்றிவேளான் பிற்பாடு கொடுத்த அறிக்கை இப்படி முடிந்தது: 'கைகள் இறங்கியது உண்மை. அவை மகளின் தோளில் இருந்தன. தோளைப் பற்றிக் கையேட்டில் ஏதும் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை.' அவரை ஆற்றங்கரைச் சாவடிக்கு மாற்றினார்கள்.

சபை அவசரமாகக் கூடியது. செங்கரையில் வெடி போடப்பட்டது; அது உரிமை. துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது, அதுவும் முறையே. பின் எங்கே பிழை என்று மூன்று நாள் ஆராய்ந்து சபை கண்டுபிடித்தது. குதிகால் தெரியாமல் போனதே பிழை. நான்காம் நாள் முரசறைந்தார்கள். ஆயுத உரிமைச் சட்டத்தில் மாற்றம் ஏதுமில்லை. அது யாவருக்கும் சமம். மருதாணி மட்டும் இன்று முதல் தடை செய்யப்படுகிறது. இலையை வைத்திருப்பவர் கைகளைத் தலைமேல் வைக்க வேண்டும்.

இரண்டரை வருடம் ஆகிறது. சிட்டம்மாளுக்கு ஒரு பெண் குழந்தை. தாத்தா வீட்டுக்கு வந்தால் பூவலிங்கம்தான் அதை ஆற்றுக்குத் தூக்கிப் போவார். நடக்கிற வயது வந்தும், சிட்டம்மாளைப் போலவே அவரும் அதைச் செம்மண் தரையில் விடுவதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று மரகதம்கூடச் சொல்கிறாள்.

சாவடியில் வெற்றிவேளான் இருப்பார். குழந்தையின் உள்ளங்கால் இன்னும் எந்தக் கரையும் ஏறாமல், பூவிதழ் நிறத்தில் தாத்தாவின் மார்பில் ஆடிக்கொண்டிருக்கும். பூவலிங்கத்தின் இரண்டு கைகளும் அதைத் தாங்கியிருப்பதால் தலைக்குப் போக வழியில்லை. வெற்றிவேளான் ஆற்றைப் பார்ப்பார்.

"எறங்கணும் தாத்தா. நடக்கணும்" என்று குழந்தை காலை உதைக்கும்.

"நடக்கலாம் கண்ணு" என்பார் பூவலிங்கம். "சாவடி தாண்டட்டும்."