உப்பளத்து உபதேசியார்

"இன்னைக்கு என்ன பிரசங்கம்?" என்று ஜெபசுதா கேட்டாள்.

கேள்வி சின்னதுதான். ஆலயத்துக்குப் போய் வந்த புருஷனிடம் எந்த மனைவியும் கேட்கக்கூடியதுதான். ஆனால் தேவபிரசாதம் ஆலயத்துக்குப் போகவில்லை. தருவைகுளம் பக்கத்து உப்பளத்தில் பூநாரை பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் வேதாகமம் வைக்கிற ஜிப் போட்ட உறை இருந்தது. உறைக்குள் வேதாகமம் இல்லை.

ஜனவரி மாதத்து வெயில் வாசலில் இதமாகத்தான் அடித்தது. அவருக்கு மட்டும் வியர்த்தது.

"ஒரு பெரிய கூட்டத்தைப் பத்தி," என்றார். "எல்லாரும் வெள்ளை உடுப்பு. தண்ணிக்குள்ள இறங்கித் தலையைக் குனிஞ்சு நிக்காவ."

"எதுக்கு?"

இரை தேடத்தான். "ஜெபம் பண்ணத்தான்," என்றார்.

"சுத்த வெள்ளையா?"

"லேசா ரோஸ்."

"ரோஸா?"

"விடியக்காலை வெளிச்சம் படும்லா."

ஜெபசுதா தோசைக் கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். நல்ல பிரசங்கம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குத் தோசை முறுகலாக வந்தது. அதனாலேயே தேவபிரசாதம் ஒன்றோடு எழுந்துகொண்டார்.

தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவரைக்கும் அவர் பொய் சொல்லாத மனிதர். அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பதும் ஒரு காரணம். ஓய்வு பெற்ற பிறகு பறவை பார்க்க ஆரம்பித்தார். குடிக்கப் போகிறவர்களையும் சீட்டாடப் போகிறவர்களையும் விடத் தான் மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன நவம்பர் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

நவம்பரில் அவர்களுடைய கல்யாண நாள் வரும். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் தம்பதிகள் சேர்ந்து முன்னே போய் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். குருவானவர் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். அன்று விடியலில், இதோ வந்துவிடுகிறேன் என்று துறைமுகச் சாலைக்குப் போன தேவபிரசாதம், மின்கம்பத்தின் உச்சியில் ஒரு விராலடிப்பான் கழுகு மீனோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அது சாவகாசமாகத் தின்கிற பறவை. தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் அது தின்று முடித்தபோது, ஆலயத்தில் ஜெபசுதா பட்டுச் சேலையோடு தனியாக முன்னே போயிருந்தாள். குருவானவரும் வேறு வழியில்லாமல், "இந்தத் தம்பதியை ஆசீர்வதியும்" என்று ஒற்றை ஆளின் தலையில் கைவைத்து ஜெபித்தார். பின்பெஞ்சில் யாரோ சிரித்ததாகவும் கேள்வி.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரே பைனாகுலரைக் கழற்றிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, இனிமேல் பறவைப் பக்கமே திரும்புவதில்லை என்றார். அவள் அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"பறவை பறந்துரும். அப்பமே பாத்தாதான் உண்டு," என்றாள். "நான் எங்க பறக்கப் போறேன்? என்னைப் பிறகு பாத்துக்கிடலாம்லா."

அவ்வளவுதான். அந்த வார்த்தை அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு விரட்டியும் எழும்பவில்லை.

அவருடைய சத்தியம் டிசம்பர் வெள்ளத்தையெல்லாம் தாங்கி நின்றது. ஜனவரியில் உப்பளத்துக்குப் பூநாரை வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டார்கள். சத்தியம் கரைந்துவிட்டது.

நம் ஆலயத்தில் தலைகாட்டக் கூச்சமாக இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு உப்பளத்துக் கிளை ஆலயத்தில் விடியற்காலை ஆராதனைக்குப் போய் வருகிறேன் என்று அவளிடம் சொன்னார். திருச்செந்தூர் சாலையில் உப்பளத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய சின்ன ஆலயம் அது. அவர் போகப்போவது ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, அந்தச் சாலைக்கே இனிப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்.

"அங்கனயா?" என்று ஜெபசுதா கேட்டாள்.

"அங்கனதான்."

அவரை ஒரு கணம் பார்த்தாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், ஊர் ஆலயத்துப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். தான் இல்லாத ஆலயத்துக்கா என்று கோபப்படுவாள் என எதிர்பார்த்தார்.

"சரி, போயிட்டு வாங்க," என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் நம்பியதுதான் அவருக்கு முதல் வருத்தம்.

பைனாகுலருக்கு என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டு வாசல் பொம்மைக் கடையில், வேதாகம உறைக்குள் அடங்குகிற மாதிரி பச்சை பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கினார். பேரனுக்கா அண்ணாச்சி என்று கடைக்காரர் கேட்க, ஆமாம் என்றார். அவருக்குப் பேரன் கிடையாது. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் பூநாரைக் கூட்டம் கொடியில் காயப்போட்ட துணி மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் துணி நடந்தது. அது போதுமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். கரையில் மண்டியிட்டு உள்ளான் குருவிகளைப் பார்த்த சேறு. ஜெபசுதா பேன்ட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ஆலயத்தில் தளம் போடவில்லை, மண் தரையில்தான் முழங்கால் போடவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு அவள் ஒரு பாயைச் சுருட்டிக் கொடுத்தாள். பிரசங்கம் நீண்டுவிட்டது என்று தாமதத்துக்குக் காரணம் சொன்னார். பிளாஸ்கில் காபி வந்தது. முகம் கறுத்துப்போனதற்கு, இடமில்லாமல் வெளியே உட்கார்ந்தேன் என்றார், தொப்பி வந்தது.

பாயில் குப்புறப் படுத்து, தொப்பி போட்டு, காபி குடித்துக்கொண்டு பறவை பார்ப்பது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவரைக் குத்தியது. ஒரு நாள் கூழைக்கடாக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே வட்டம் போட்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கியது. "ஏளா, அங்க பாரு," என்று மனைவியிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்தில் பாய்தான் இருந்தது.

மார்ச்சில் அவள் பிரசங்கியாரின் பெயரைக் கேட்டாள். கிளை ஆலயங்களில் குருவானவருக்குப் பதிலாக உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். அதனால் துணிந்து, உபதேசியார் ஷாம் என்றார். அந்த நிமிஷம் ஷாம் பிறந்தார்.

பிறந்த உடனேயே வளரவும் ஆரம்பித்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றாள். ஆகிவிட்டது. பிள்ளைகள் உண்டா என்றாள். ரெண்டு. சம்பளம் கொஞ்சமாகத்தான் இருக்கும், பாவம் என்று சொல்லி, வாரா வாரம் ஒரு டப்பா மக்ரூன் கொடுத்துவிட்டாள். முட்டையும் முந்திரியும் சீனியும் போட்டு வீட்டிலேயே செய்தது. இல்லாத உபதேசியாருக்காக அவ்வளவையும் இருக்கிற தேவபிரசாதம் தின்றார். மாதக் கடைசியில் டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று ஜெபசுதாவைக் கடிந்துகொண்டார். பழியை அவள் ஏற்றுக்கொண்டு வந்தாள்.

உபதேசியாருக்கும் சர்க்கரையாம், மக்ரூன் வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் வெந்தயக் களியும் பாகற்காய்ப் பொரியலும் வந்தன. பொரியலை ஒரு நாய்க்கு வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு, அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"சுதா, ஒண்ணு சொல்லணும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க."

பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு நவம்பர் மாதத்துப் பட்டுச் சேலை ஞாபகம் வந்தது. ரெண்டாம் தடவையும் இவளை ஏமாற்றியவன் என்று தெரிந்தால், இந்தப் பார்வை திரும்பக் கிடைக்காது.

"பாகற்காய் நல்லாருந்துச்சுன்னு உபதேசியார் சொன்னாரு," என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏப்ரலில் பெரிய சிக்கல் வந்தது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கு நானும் ஒங்க கூட வாரேனே," என்றாள் ஜெபசுதா.

"எங்க?"

"நீங்க போற இடத்துக்குத்தான். ஸ்கூட்டர்ல பின்னால எடம் இருக்குல்லா."

இருந்தது. ஆனால் உபதேசியார் இல்லை. தேவபிரசாதம் அவசர அவசரமாக அவரை ஏரலுக்கு மாற்றினார். இந்த வாரம்தான் போனார், இப்போது வந்தால் பார்க்க முடியாது என்றார். ஏரல் பக்கம்தானே, பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்துவிடலாம், பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள் அவள். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று நாலைந்து வாரம் தள்ளினார். அதற்குமேல் தள்ள முடியவில்லை.

மே மாதம் உபதேசியார் ஷாமை தேவபிரசாதம் கொன்றுவிட்டார்.

"நெஞ்சுவலியாம்," என்றார். "அடக்கமும் முடிஞ்சிட்டாம்."

ஜெபசுதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. அவரால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு மனிதரை உண்டாக்கி, ரெண்டு பிள்ளைகளைக் கொடுத்து, சர்க்கரை வியாதியும் கொடுத்து, மாற்றல் போட்டுக் கொன்று, அதற்கு ஒரு நல்ல பெண்ணை அழவும் வைத்தாயிற்று.

"ஒங்களுக்குன்னு இருந்த ஒரே துணையும் போயிட்டு," என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஷாமின் விதவைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் உருகுவாள் என்று பயந்துகொண்டே முழங்கால் போட்டார். அவள் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆண்டவரே, விடியக்காலைல இவரு தனியாப் போறாரு, தனியா வாராரு. பக்கத்துல நிக்க ஒரு ஆளைக் கொடும்," என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டாள். அவருக்கு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார்.

ஜூன் பிறந்தபோது, வலசை வந்திருந்த பறவைகளெல்லாம் வடக்கே போய்விட்டன. காற்று உப்புத் தூளை அள்ளி முகத்தில் அடித்தது. உள்ளூர் ஆள்காட்டிக் குருவி மட்டும் அவரைக் கண்டதும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தியது. பறவைகள் போன பிறகும் அவருடைய பொய் மட்டும் வலசை போகவில்லை. பார்க்க ஒன்றுமில்லாத உப்பளத்தில் பாயை விரித்து, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒன்றையாவது அவளிடம் அதன் பெயரோடு சொன்னதில்லை. பூநாரையைப் பரிசுத்தவான் ஆக்கினார். கூழைக்கடாவை இறங்கி வரும் தூதர் கூட்டம் ஆக்கினார். அவள் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டாள். நிஜத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக அல்லவா இருந்திருக்கும்?

ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு ஞாயிறாவது அந்த ஆலயத்துக்கு நிஜமாகப் போவது. முழங்கால் போட்டு தைரியம் கேட்பது. நேரே வீட்டுக்கு வந்து அவள் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்வது. அதற்குப் பிறகு அவள் பேசாவிட்டாலும் சரி, நாசரேத் ஊரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாலும் சரி, ஏற்றுக்கொள்வது.

அன்று உறைக்குள் வேதாகமத்தையே வைத்துக்கொண்டார். ஜெபசுதா வழக்கம்போல பாயும் பிளாஸ்கும் தொப்பியும் எடுத்து வைத்தாள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை வருஷமாகப் போகாத திருச்செந்தூர் சாலையில் ஸ்கூட்டர் போயிற்று. ரெண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் விடியல் வெளிச்சத்தில் மின்னின. சாலையை விட்டு உள்ளே தள்ளி ஆலயம் இருந்தது. சுவரில் உப்பு பூத்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. ஆளையும் காணோம்.

நல்லது செய்ய வந்த அன்றைக்கும் தாமதம்தானா என்று அவருக்கு நொந்துபோயிற்று. எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். உமாராணி டீ ஸ்டால் என்று பலகையில் எழுதியிருந்தது.

"எங்கேருந்து வாரிய அண்ணாச்சி?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

பொய் சொல்ல வாய் தானாகத் திறந்தது. அதை மூடிவிட்டு, தூத்துக்குடிதான், ஜெபசுதா டீச்சர் வீட்டுக்காரர் என்று உள்ளதைச் சொன்னார்.

உமாராணி முகம் மலர்ந்து பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆராதனை முடிஞ்சிட்டாம்மா?"

கழுவின கிளாஸைக் கையில் பிடித்தபடி உமாராணி அவரைப் பார்த்தாள்.

"டிசம்பர் வெள்ளத்துல சொவரு விரிஞ்சதுல இருந்து இங்கன ஆராதனையே கிடையாதே அண்ணாச்சி, பெண்கள் சங்கத்துல இருந்து ஒங்க டீச்சரம்மாதானே வந்து கதவைப் பூட்டிச் சாவியக் கொண்டுபோனாவ, ஒங்ககிட்ட சொல்லலையா?"