புறங்கைக்காரர்

புனேயில் புறங்கைக்காரர் தொட்டுப் பார்க்காத பல்பு ஒன்று இருந்தால், அது இன்னும் கடையில் விற்காமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

கராடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் அவர். கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். எதையும் புறங்கையால்தான் தொடுவார். ஷாக் அடித்தால் விரல் மடங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ளாது என்பது தொழில் பாடம். அவரோ சூடான இட்லியைக்கூட அப்படித்தான் சோதித்தார்.

“வெளிச்சத்துக்குக் கூப்பிட்ட கரண்ட் வெளிச்சம்தான் குடுக்கணும். பல்பு சுட்டா, பாதி கரண்ட் வழியிலயே திருட்டுப்போகுதுன்னு அர்த்தம்” என்பார். மூன்றாவது மாடி டியூப்லைட்டின் சோக் ஙொய்யென்று இரைந்தபோது, “எரியச் சொன்னா பாட்டு பாடுதே, பதமாஷ்!” என்று அதையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் இரண்டு நாள் மெழுகுவத்தி.

கணபதி விழாவில் ஆரத்தி நடக்கும்போது, கரகரத்த ஸ்பீக்கரைப் படுக்கவைத்து அதன்மேல் பிரசாதப் பொரியைக் கொட்டினார். குடியிருப்பின் செயலாளர் “காகா, ஹே காய்?” என்று மராத்தியில் அலறினார், இதென்ன என்று.

“பாருங்க சார், இதுக்குள்ள இருக்குற பேப்பர் ஆடுனாத்தான் சத்தம். இந்தப் பக்கம் பொரி குதிக்குது, அந்தப் பக்கம் தூங்குது. கிழிஞ்சிருக்கு.”

கிழிந்துதான் இருந்தது. ஒட்டிவிட்டு, ஸ்பீக்கரில் இருந்த பொரியையும் தின்றார்.

அவரை நான் கேலி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் என் காது மந்தமானது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் மாலதியோடு இருந்தேன். ஒருநாள் உள்தாழ்ப்பாள் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே அவள் மணியடித்து, போன் அடித்து, கதவைத் தட்டி ஓய்ந்துவிட்டாள்.

“நாப்பது நிமிஷம்ப்பா! உள்ள என்னாச்சோன்னு உயிரே போயிருச்சு. தனியா விட்டுட்டு நான் எப்படி ஆபீஸ் போறது? அடுத்த வாரம் கோயமுத்தூர், அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க.” டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். எனக்குப் போக மனமில்லை. அவளை விட்டு இருக்க முடியாது என்பதுதான் உண்மை.

புறங்கைக்காரரிடம் சொன்னேன். முதலில் பள்ளிக்கூட மணி போல ஒன்றை மாட்டினார். அழுத்தியதும் அந்த மாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது, என்னுடையதைத் தவிர.

அவர் அந்த மணியைக் கழற்றினார். “காது லீவுல இருக்கு. கண்ணை டூட்டிக்குக் கூப்பிடுவோம்.” மணிக்குப் போகும் ஒயரைத் திருப்பி, ஹாலிலும் சமையலறையிலும் சின்னச் சின்ன எல்இடி பல்புகளை மாட்டினார்.

மறுநாள் மாலை பல்பு மினுங்கியது. மாலதி விரலை எடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். அவள் மறுபடி வெளியே போய் இன்னும் மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். மூன்று முறையும் திறந்தேன். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்தாள்.

சரிபார்க்க வந்த புறங்கைக்காரர் பல்பின்மேல் கையை வைத்தார். “சுடவே இல்ல சார். வர்றது மொத்தமும் உங்களுக்குத்தான்.”

இப்போது அவர் புனேயைத் தாண்டி தளேகாவில் மகன் வீட்டில் இருக்கிறார். பல்பு எரிந்தால் நான் உடனே கதவைத் திறப்பதில்லை. முதலில் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். வாசலில் நிற்பவர்கள் ஒரு நொடி பொறுத்துக்கொள்ளட்டும். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.