அக்காவின் மோதிரத்துக்கு நான் நடத்திய விசாரணை

அரைகுறையாகப் படித்தவன் கையில் முதலில் மாட்டுகிறவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். என்னிடம் மாட்டியவர் அத்தானின் தாய்மாமா.

பாளையங்கோட்டையில் குற்றவியல் படிக்கச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆசையைக் கிளப்பும் பொருள், காவலில்லாத இடம், சபலப்படும் மனசு, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் திருட்டு நடக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். அடடா! அன்றிலிருந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட நான் நம்பவில்லை. (பாவம், அவர் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டு வந்தார்.)

அப்போதுதான் தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த மோதிரம் முன்னறைத் தட்டில் மினுமினுத்தது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மூன்றில் இரண்டு கூடிவிட்டதே! பாய்ந்து எடுத்தேன். மேசையில் கறுப்பு ஜிப் உறையோடு கிடந்த அப்பாவின் வேதாகமத்துக்குள் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு!

அரை மணி நேரத்தில் மோதிரத்தைக் கேட்டார்கள். தட்டு காலி. அப்பா மடியிலிருந்த வேதாகமத்தை நைசாக வாங்கி ஜிப்பைத் திறந்தேன். அதிலும் இல்லை.

திருட்டேதான்! அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "சகுனமே சரியில்லயே, இன்னொரு நாள் பாத்துக்கிடுவோமா?" என்று மாப்பிள்ளை பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. நான் இடம் மாற்றியதை அப்போதே சொல்லியிருக்கலாம். 'நல்லதுக்குத்தானே செய்தேன்' என்று வாயை மூடிக்கொண்டேன். (தப்புச் செய்தவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வது எங்களுக்கு நான்காம் பாடம்.)

கூட்டத்தை நோட்டம் விட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுக்களைக்கும் முன்னறைக்கும் ஒரே நடை. அத்தனை அறிகுறியும் பொருந்திற்று!

"மாமா, வேட்டி மடிப்புல என்ன?"

"ஒண்ணுமில்லலே… சும்மா போலே அங்கன!"

அவர் வீட்டம்மா எழுந்து வந்து மடிப்பை இழுத்தார். வாழையிலைத் துண்டில் கால் கிலோ அல்வா, நெய் வடிய வடிய.

"சக்கரைக்கு தெனம் ஊசி போடுத ஆளுக்கு அல்வா கேக்குதோ?"

"நிச்சய வீட்டு அல்வா ஒண்ணுஞ் செய்யாதுட்டி." (அவருக்கும் நான்காம் பாடம் தெரிந்திருக்கிறது!)

மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்தார். "எந்தம்பிய சோதன போட்ட வீட்டுல நமக்கென்ன வேல? கெளம்புங்க!"

அக்கா விசும்ப ஆரம்பித்தாள்.

"எல்லாரும் இருங்க, மொதல்ல ஜெபிப்போம்" என்றார் ஐயர். (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்.) தன் வேதாகமத்தின் கறுப்பு ஜிப்பை இழுத்தார். மோதிரம் உருண்டு அவர் காலடியில் விழுந்தது.

வீடே ஐயரைப் பார்த்தது. ஐயர் மோதிரத்தைப் பார்த்தார். அவருக்கும் வேர்த்தது!

"நாந்தான்! அப்பாவோடதுன்னு நெனச்சு ஐயரோடதுல நாந்தான் வச்சேன்!" என்று கத்தினேன். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அதைப் பார்த்துத்தான் அவர் அம்மா திரும்ப உட்கார்ந்தார்.

இப்போது நானே அந்த நான்காம் பாடத்தை நடத்துகிறேன். தாய்மாமா எந்த விசேஷத்துக்கு வந்தாலும், அவர் வீட்டம்மா அல்வா டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டார். மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்.

"ஏலே வாத்தியாரே, மோதிரத்த எடுத்தவனுக்கு விடுதல, அல்வா எடுத்தவனுக்கு ஆயுள் தண்டனையாலே?"