பெரியப்பாவுக்கு ஒரு பாதுகாப்பு

பெரியப்பா வர்த்தமானனின் சொத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அனந்தநாதன் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே தீர்மானித்தார். யாரிடமிருந்து காப்பாற்றுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், அங்கே பல் விளக்கிக்கொண்டிருந்த ஆளிடமிருந்துதான் என்று தெரிந்திருக்கும்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பிள்ளைகுட்டி கிடையாது, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நாலு தறி போடுகிற மாதிரி நீளமான வீடு ஒன்று அவர் பேரில் இருந்தது. அதை ஒரு நெசவாளருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு, திருப்பருத்திக்குன்றத்தில் தம்பி மகன் அனந்தநாதன் வீட்டோடு வந்துவிட்டார்.

தினமும் சுவரைத் தடவிக்கொண்டே கோயிலுக்குப் போவார். மண்டபத்துக் கூரையில் இருக்கிற பழைய சித்திரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். “கழுத்துதான் வலிக்குது. படம் ஒண்ணும் தெரியல” என்று திரும்பி வருவார்.

ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆயிற்று. அனந்தநாதன்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“புரை இன்னும் முத்தணும், ரத்னா.”

“முத்தினது புரை இல்லீங்க,” என்றாள் மனைவி ரத்னமாலா, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே. “வேற என்னமோ.”

அனந்தநாதன் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

“பெரியப்பாவுக்குக் கண்ணு தெரியல. நாளைக்கு எவனாவது வந்து ஏமாத்தி வீட்டை எழுதி வாங்கிட்டான்னா?”

“அதனால?”

“அதனால நாம முந்திக்கணும்.”

“ஏமாத்துறதுலயா?”

“காப்பாத்துறதுல! என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிட்டா, அப்புறம் ஒருத்தன் கிட்ட வர முடியாது.”

“அவரைக் கேட்டீங்களா?”

“கேட்டா யோசிப்பாரு. வயசான காலத்துல அவருக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? வீட்டுக்கு கரண்ட் இழுக்க மனுன்னு சொல்லிக் கூப்பிட்டுக்கினு போயிடலாம்.”

“ஆபரேஷன் பண்ணிட்டு, கண்ணு தெரிஞ்சப்புறம் போனா என்ன?”

“கண்ணு தெரிஞ்சா படிப்பாரே!”

ரத்னமாலா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “சரிங்க, செஞ்சிடலாம்,” என்றாள்.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே திட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள். அனந்தநாதன் அதைத் தன் பேச்சுத்திறமை என்று நினைத்துக்கொண்டார்.

“பத்திரம் எழுதுற கலியாணசுந்தரம் எங்க அம்மா ஊர்க்காரரு,” என்றாள் அவள். “என்ன எழுதணும்னு குறிப்பு குடுங்க. நானே கொண்டுபோய்த் தரேன். நீங்க போனா நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பாங்க.”

அனந்தநாதன் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். வீடு இன்றைய தேதி முதல் தனக்கே சொந்தம். விற்கலாம், இடிக்கலாம். எல்லாம் இருந்தது. பெரியப்பா எங்கே சாப்பிடுவார் என்பது மட்டும் இல்லை.

புதன்கிழமை மூவரும் காஞ்சிபுரத்தில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ரத்னமாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் பெரியப்பா. உள்ளே பேர் கூப்பிடுகிற நேரத்துக்குத்தான் கலியாணசுந்தரம் பத்திரத்தோடு ஓடி வந்தார். அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரம் இல்லை.

சப்-ரிஜிஸ்தார் பெரியப்பாவின் கண்களைக் கவனித்தார்.

“பெரியவருக்குப் பார்வை இல்லையா? அப்போ முழுசாப் படிச்சுக் காட்டணும்.”

“வேணாம் சார். அவருக்கு எல்லாம் தெரியும்.”

“தெரியுமான்னு பார்க்கிறதுதான் என் வேலை. நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

“நான் சொந்தக்காரன் சார்.”

“அதனாலதான் சொல்றேன்.”

அனந்தநாதன் வாசலில் புங்க மரத்தடியில் போய் நின்றார். இந்நேரம் ‘இடிக்கலாம்’ என்ற வரியைப் படித்திருப்பார்கள். அடுத்து போலீஸ் வரும். ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பெரியப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. பியூன் வந்து கூப்பிட்டான்.

“எல்லாம் புரிஞ்சுது அனந்தா,” என்றார் பெரியப்பா. “சந்தோஷமா எழுதித் தரேன்.”

அனந்தநாதன் உருகிப்போனார். விற்கவும் இடிக்கவும் சம்மதிக்கிற இப்பேர்ப்பட்ட பெரியப்பா யாருக்குக் கிடைப்பார்!

“நீங்களும் இதுக்கெல்லாம் கட்டுப்படறதா ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடணும்,” என்றார் கலியாணசுந்தரம்.

“படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க,” என்றார் சப்-ரிஜிஸ்தார்.

“படிக்க என்ன சார் இருக்குது! பெரியப்பா சொன்னா எனக்கு வேதம்!” என்று சொல்லி, எங்கே அவர் மனசு மாறிவிடுமோ என்கிற அவசரத்தில், ஆறு பக்கத்திலும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். சப்-ரிஜிஸ்தார் ரத்னமாலாவைப் பார்த்தார். ரத்னமாலா மின்விசிறியைப் பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, கலியாணசுந்தரம் கொடுத்த நகலை அனந்தநாதன் ஆசையாகப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே வெற்றிலை தொண்டையில் நின்றது.

வீடு வர்த்தமானனின் ஆயுள் வரை அவர் அனுபவத்திலேயே இருக்கும். வாடகையும் அவருக்கே. யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அனந்தநாதன் அவரைத் தன் வீட்டில் மரியாதையோடு வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, முப்பது நாளைக்குள் கண் ஆபரேஷன் செய்துவைக்க வேண்டும். தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய வர்த்தமானனுக்கு உரிமை உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு வீடு ரத்னமாலாவுக்கு.

“எனக்கு?” என்று கத்தினார் அனந்தநாதன்.

“கடைசிப் பக்கம் பாருங்க.”

கடைசிப் பக்கத்தில், சனிக்கிழமைதோறும் பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் பொறுப்பு அவருக்கு இருந்தது.

“நான் குடுத்த குறிப்பு என்ன ஆச்சு?”

“பெரிய மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவரு சொன்னதை எழுதிக் கலியாணசுந்தரத்துகிட்ட குடுத்தேன். தறியில நீளவாட்டுக்குப் பாவு நூல் போட்டது நீங்க. குறுக்கே ஊடை ஓட்டினது அவரு. என் பேரை நான் கேக்கலீங்க. அவராத்தான் போடச் சொன்னாரு.”

கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “கண்ணுதான் போச்சு அனந்தா. சமையல்கட்டுல பேசினது காதுல விழாதா? நீ நேரா வந்து கேட்டிருந்தா அன்னிக்கே உன் பேருக்கு எழுதியிருப்பேன்பா.”

அனந்தநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இடித்தது வீடு இல்லை, அந்த வார்த்தைதான்.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிட்டேன்,” என்றாள் ரத்னமாலா. “நீங்களும் வரணும். ரெண்டாம் பக்கத்துல இருக்குது.”

ரோஷம் அப்போதுதான் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தார்.

“வரமாட்டேன்! கோர்ட்டுக்குப் போவேன்! நான் போட்ட கையெழுத்து செல்லாதுன்னு கேஸ் போடுவேன்!”

“தாராளமாப் போடுங்க,” என்றாள் ரத்னமாலா, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டே. “கையெழுத்துப் போட்டப்போ உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு நிரூபிக்கணும். சாட்சி சொல்ல நானே வரேன்.”